அறுப்புப் படத்தில் முகம் எங்கே போனது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டுக் கூடத்தில் பல வருஷமாகத் தொங்கும் ஒரு வாட்டர்கலர் படம், சுமார் 15க்கு 22 அங்குலம், கையெழுத்து மங்கிப்போய் யார் வரைந்தது என்று தெரியவில்லை. வயலில் ஐந்து ஆண்கள் குனிந்து அறுக்கிறார்கள், ஒருவருக்கும் முகம் இல்லை. கதிர் நீலமும் ஆரஞ்சுமாக இருக்கிறது. கால்கள் சிவப்பு, அந்தச் சிவப்பு தரையில் ஒழுகி இறங்குகிறது. வலது பக்கம் ஒரு ஆள் தன்னைவிடப் பெரிய கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறார். இடது ஓரத்தில் களம், அதன்மேல் வெளிறிய கறை. பின்னால் ஊதா மலை, மஞ்சள் வானம். மலையடியில் கறுப்பாக நட்டமாக ஒரு கோடு. "எக்ஸ்பிரஷனிச பாணி என்கிறார்கள். வரையத் தெரியாமல் இப்படியா, வேண்டுமென்றே இப்படியா? நிறங்களுக்கு என்ன அர்த்தம்? சோகமா, சந்தோஷமா? மகள் கல்லூரியில் இதைப் பற்றி எழுதிக் கொடுக்கவேண்டும்" என்பது கேள்வி. படத்தின் புகைப்படங்களும் கூடவே இருக்கின்றன.

வரையத் தெரிந்தவர்தான். அதில் சந்தேகம் வேண்டாம். அதை எதை வைத்துச் சொல்கிறேன் என்பதுதான் உங்கள் மகளுக்குப் பயன்படும். கண்ணில் பட்டதை அப்படியே போடாமல் மனசில் பட்டதை வரைகிற இந்த எக்ஸ்பிரஷனிச வகைப் படத்தில் எது கோணலாக, பெரிதாக, நிறம் மாறி இருக்கிறதோ, அங்கேதான் ஓவியர் அழுத்தம் கொடுத்திருக்கிறார். அந்த அழுத்தம் வேலையிலும் அதே இடத்தில்தான் விழுகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விழுந்தால் அது பார்த்து வரைந்த கோணல். சம்பந்தமே இல்லாத இடத்தில் இருந்தால் கை தவறிய கோணல். இந்த ஒப்பீட்டுக்கு ஓவிய வரலாறு தெரிந்தவரைவிட, ஒரு போகம் அறுப்பறுத்தவருக்கு வசதி அதிகம்.

திசையில் தொடங்குவோம். நெல்லைச் சீமையில் பொத்தை என்கிற சிறு குன்று எந்தப் பக்கமும் இருக்கும். ஆனால் ஓரம் முதல் ஓரம் வரை தொடர்ந்து ஓடுகிற மலை என்றால் அது மேற்கில்தான். உங்கள் படத்தில் மலை அப்படித்தான் ஓடுகிறது. ஆக, நாம் மேற்கே பார்த்து நிற்கிறோம். வானம் மலைக்குப் பின்னால் மஞ்சளாக இருக்கிறது, ஆட்களின் நிழல் நம் பக்கமாக நீள்கிறது. சாயங்காலம். வெளிச்சம் ஆட்களுக்குப் பின்னால் இருக்கிறது, ஆட்களோ குனிந்திருக்கிறார்கள். இந்த நிலையில் கேமராவில் எடுத்தாலும் முகம் கறுத்துத்தான் விழும். "முகம் இழந்த உழைப்பாளி" என்று மகள் முதல் வரியிலேயே எழுதிவிட்டால், பாதிக்குப் பாதி சூரியன் செய்த வேலையை ஓவியரின் தத்துவமாக ஆக்கிவிடுவார்.

மீதிப் பாதி ஓவியருடையதுதான். எதிர்வெளிச்சத்திலும் ஒரு காது, ஒரு மூக்குத்தி மினுங்கல், தாடையின் விளிம்பு என்று ஏதாவது ஒன்று தெரியும். அதைக்கூட இவர் போடவில்லை. கட்டு சுமக்கிற ஆளுக்கோ முகம் தெரியவே வழியில்லை. கதிர்க்கட்டு முன்னும் பின்னும் தாழ்ந்து தொங்கி கண்வரை மறைக்கும். சுமப்பவர் தன் காலடி வரப்பை மட்டுமே பார்த்து நடப்பார். ஆறு பேரில் ஒருவருக்கு முகமில்லாதது அச்சு அசல் உண்மை, ஐந்து பேருக்கு உண்மையும் தேர்வும் கலந்தது. இப்படிப் பிரித்து எழுதினால் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது பருவம். தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு அறுப்பு. கார் அறுப்பு புரட்டாசி, ஐப்பசி வாக்கில். பிசான அறுப்பு மாசி, பங்குனியில். பிசான அறுப்பில் வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும். கார் அறுப்பு வடகிழக்கு மழையின் வாசலில் நிற்கும். உங்கள் படம் எது என்பதற்குச் சாட்சி அந்தச் சிவப்புக் கால்கள்தான்.

கால்களுக்குக் கீழே இறங்கும் நிறத்தைக் கிட்டத்தில் பாருங்கள். அது நிழல் என்றால் காலின் சிவப்பைக் கொண்டுவராது, மங்கிய நீலமாகவோ பழுப்பாகவோ இருக்கும். ஈரப் பேப்பரில் தற்செயலாகப் பரவியது என்றால் நாலா பக்கமும் பூத்திருக்கும். உங்கள் படத்தில் ஒவ்வொரு காலுக்கும் நேர் கீழே, அதே அகலத்தில், அதே சிவப்பு கொஞ்சம் வெளிறி இறங்குகிறது. அது பிரதிபலிப்பு. வயலில் தண்ணீர் நிற்கிறது. அறுப்புக்குப் பத்து நாள் முன்னாடியே தண்ணீரை வடித்துவிடுவார்கள். அப்படி இருந்தும் தண்ணீர் நிற்கிறது என்றால் மழை முந்திக்கொண்டது. ஆக, இது கார் அறுப்பு.

இடது பக்கத்துக் கதிர்களைப் பாருங்கள். அங்கே ஆரஞ்சுக் கோடுகள் கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கின்றன. வலது பக்கம் போகப் போக நிமிர்கின்றன. அது பயிர் சாய்ந்த இடம். சாய்ந்த பயிரைச் சேற்றிலிருந்து தூக்கிப் பிடித்துத்தான் அறுக்கவேண்டும், இன்னும் தாழக் குனியவேண்டும், நேரமும் பிடிக்கும். நாளைக்கு என்று விட்டால் தண்ணீரில் கிடக்கும் மணி முளைத்துவிடும். படத்திலும் இடது பக்கத்து இரண்டு பேர்தான் மற்றவர்களைவிடத் தாழ இருக்கிறார்கள். வரையத் தெரியாதவருக்கு இந்தப் பொருத்தம் கைகூடாது. வெளிச்சம் போகிற நேரத்திலும் ஏன் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கும் இதுதான் விடை. காலை வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டிய அறுப்பு, மழையினால் அந்திவரை இழுத்துக்கொண்டு போகிறது.

சிவப்பு என்றால் ரத்தம், மஞ்சள் என்றால் நம்பிக்கை, ஊதா என்றால் துக்கம் என்று நிறத்துக்கு அகராதி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் கல்லூரிகளில் நிறைய உண்டு. எக்ஸ்பிரஷனிசம் தொடங்கிய இடத்தில் அப்படியொரு அகராதி இருந்ததில்லை. 1905இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கிர்ச்னர், ஹெக்கெல், ஷ்மிட்-ரோட்லுஃப், பிளைல் என்று நான்கு கட்டிடக்கலை மாணவர்கள் 'பாலம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு குழு தொடங்கினார்கள். பொருளின் சொந்த நிறத்தைப் பொருளோடு விட்டுவிட்டு, அதைப் பார்க்கும்போது உடம்பில் என்ன ஏறுகிறதோ அந்த நிறத்தைப் போடுவது அவர்கள் போக்கு. கொஞ்ச காலம் அவர்களோடு இருந்த எமில் நோல்டெ, உறிஞ்சும் ஜப்பானியப் பேப்பரை நனைத்து, நிறங்களை ஒன்றுக்குள் ஒன்று ஓடவிட்டு வாட்டர்கலரை இந்தப் பாணிக்கு வசப்படுத்தியவர்களில் முக்கியமானவர். 1937இல் நாஜி அரசு அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை மியூசியங்களிலிருந்து பறித்தது. அவரோ அதே கட்சியின் உறுப்பினர். படத்தில் உணர்ச்சி கொதிப்பதை வைத்து வரைந்தவரின் அரசியலுக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இந்தியாவுக்கு இது ரொம்பத் தாமதமாக வரவில்லை. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சியில் ஐரோப்பிய நவீன ஓவியர்கள் காண்டின்ஸ்கி, கிளே படங்களை மக்கள் நேரில் பார்த்தார்கள். சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பெய்ஜ் சந்தால் மக்களின் வயல் வேலையை வேகமான வாட்டர்கலராகப் போட்டார். சென்னையில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி ஓவியப் பள்ளிக்குத் தலைமை வகித்தார். அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கிவைத்தார். ராய் சௌத்ரி செய்ததுதான் 1959இல் மெரினாவில் வைத்த உழைப்பாளர் சிலை. அது எக்ஸ்பிரஷனிசம் இல்லை. ஆனால் மகளுக்கு ஒப்பிடக் கைக்கெட்டிய உதாரணம். பாறையை நெம்பும் அந்த நான்கு பேரிடமும் முதுகும் தொடையும் எவ்வளவு பெரிதாகப் பேசுகின்றன, முகம் எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் படத்தில் அதையே தண்ணீரில் செய்திருக்கிறார் ஓவியர்.

இப்போது ஒரே ஒரு ஆளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இடமிருந்து மூன்றாவது. இடுப்பில் தொடங்கி கழுத்துவரை ஒரே பிரஷ் வீச்சு. தொடக்கத்தில் அகலமும் அடர்த்தியும், முடிவில் ஒல்லியும் வெளிறலும். தலை ஒரு சொட்டு. அந்த உடம்பில் இடுப்புதான் உயரமான இடம், தலை அதற்கு நன்றாகக் கீழே. இடது கை கால் அளவுக்குத் தடிமனாக இருக்கிறது, வலது கை நூல் மாதிரி. கதிரறுக்கிற பன்னருவா இல்லவே இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் பிறை வடிவில் வெள்ளைப் பேப்பர்.

கதிரறுக்கிற விதத்தை நினைத்துப் பாருங்கள். இடது கை தூரைச் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். வலது கை பன்னருவாவைத் தரையோட்டிக் கொடுத்துத் தன் பக்கமாக இழுக்கும். பல் வைத்த அருவா ஆதலால் வெட்டுக்கு வீச்சு வேண்டாம், இழுப்புப் போதும். பிடி சேர்ந்ததும் அரி அரியாகப் பின்னால் வைத்துவிட்டு அடுத்த தூருக்குப் போகவேண்டும். நிமிர நேரமில்லை, நிமிர்ந்து நிமிர்ந்து குனிந்தால் இடுப்பு இன்னும் சீக்கிரம் விட்டுப்போகும் என்பதும் ஆட்களுக்குத் தெரியும். பாரம் முழுக்க இடுப்பிலும் இடது கைப் பிடியிலும்தான். அருவா சும்மா மின்னிப் போகிற ஒன்று. ஓவியர் எதைப் பெரிதாக்கியிருக்கிறார், எதைக் காணாமல் ஆக்கியிருக்கிறார் என்று மறுபடி பாருங்கள். வேலை தெரியாமல் காலண்டருக்கு வரைகிறவர்கள் செய்வது நேர் எதிர்: பளபளக்கும் பெரிய அரிவாள், சிரிக்கிற முகம், நட்டமாக நிற்கிற உடம்பு, எதையும் பிடிக்காத இடது கை.

இன்னொன்று. இந்த ஐந்து பேரும் ஆண்கள் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. தோள் அகலமாக, சட்டை மாதிரி வெளிர் நீலக் கட்டம் இருப்பதால் அப்படித் தோன்றியிருக்கும். அறுப்பில் பெண்கள் சேலைக்கு மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம்; நெல்லின் சுணை கையில் பட்டால் அரிப்புத் தாங்காது, வெயிலுக்கும் ஆச்சு. சட்டைக்குக் கீழே பச்சையும் குங்கும நிறமுமாக இரண்டு சிறு தீற்றல் தெரிகிறதே, அது சேலையின் கொசுவம். நம் ஊரில் கையால் அறுத்த காலத்தில் அறுப்புப் பெரும்பாலும் பெண்கள் வேலை, கட்டுச் சுமப்பதும் அடிப்பதும் ஆண்கள் வேலை. படம் அந்தப் பிரிவை அப்படியே வைத்திருக்கிறது.

தண்ணீர் சொல்லும் சாட்சிக்கு வருவோம். வாட்டர்கலரில் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் எண்ணெய் ஓவியத்தில் தவறை மூடிவிடலாம், இதில் முடியாது. எது முதலில், எது பிறகு, எங்கே காத்திருந்தார், எங்கே அவசரப்பட்டார் என்பதெல்லாம் விளிம்பில் எழுதியிருக்கும்.

மலையின் மேல் விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் மஞ்சள் வானம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஊதாவைப் போட்டிருக்கிறார். மஞ்சள் ஈரமாக இருக்கும்போதே ஊதா தொட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து சாம்பலாகச் செத்திருக்கும். ஒன்றுக்கொன்று எதிரான நிறங்கள் ஈரத்தில் கலந்தால் அதுதான் கதி. மலையின் கீழ் விளிம்போ கரைந்து வயலுக்குள் ஓடுகிறது. அங்கே பேப்பர் ஈரமாக இருந்தபோதே மலையை இறக்கியிருக்கிறார். ஒரே மலைக்கு மேலே பொறுமை, கீழே அவசரம். களத்துத் தூசியும் அந்தி மூட்டமும் மலையடியில் சேர்வதை இப்படிக் காட்டியிருக்கிறார். இது தெரிந்து செய்தது.

களத்தின் மேலிருக்கும் அந்த வெளிறிய கறைக்கு ஓவியர்கள் காலிஃபிளவர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வாஷ் என்பது தண்ணீர் கலந்து பரப்பிய நிறப்பூச்சு. பாதி காய்ந்த வாஷின்மேல் அதைவிட ஈரமான பிரஷ் பட்டால், தண்ணீர் உள்ளே இருக்கும் நிறத்தை வெளியே தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சுருட்டைச் சுருட்டையாக நிறுத்திவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு இது தலைவலி. இங்கே தவறா, தேர்வா? எண்ணிப் பார்ப்பதுதான் வழி. களத்தின்மேல் ஒன்றை ஒட்டி ஒன்றாக மூன்று முறை விழுந்திருக்கிறது, மூன்றும் அடிக்கிற ஆளின் கை உயரத்தில். கதிரைக் கல்லில் ஓங்கி அடிக்கும்போது கிளம்பும் தூசி அந்த உயரத்தில்தான் நிற்கும். அது தேர்வு. வானத்தின் வலது மூலையில் ஒன்றே ஒன்று, எதோடும் ஒட்டாமல் இருக்கிறது. அது தவறு, அல்லது பிரஷிலிருந்து சொட்டியது. இரண்டுக்கும் ஒரே அர்த்தம் சொல்லக் கூடாது. மூலையில் விழுந்த சொட்டை "வானில் திரளும் விதி" என்று எழுதிய கட்டுரைகள் உலகத்தில் உண்டு.

வெள்ளைக்கும் வருவோம். ஒளி ஊடுருவும் வாட்டர்கலரில் வெள்ளை என்பது பெயிண்ட் இல்லை, விட்டுவைத்த பேப்பர். அதை முதல் வாஷ் போடுவதற்கு முன்பே முடிவு செய்யவேண்டும். ஆகவே படத்தில் எங்கெல்லாம் வெள்ளை இருக்கிறதோ, அதெல்லாம் ஓவியர் மனசில் முதலில் ஓடியவை. இந்தப் படத்தில் வெள்ளை மூன்றே இடத்தில்: பன்னருவாப் பிறைகள், சுமப்பவரின் சும்மாடு, வயல் தண்ணீரில் ஒரு கோடு. முகத்துக்கு வெள்ளை விடவில்லை. முகம் வேண்டாம் என்பது அவசரத்தில் விட்டுப்போனதில்லை, தொடங்குமுன் எடுத்த முடிவு என்று இதை வைத்துத் துணிந்து எழுதலாம். ஆனால் முதலில் அந்த வெள்ளை பேப்பர்தானா என்று உறுதி செய்யுங்கள். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், மேலே பூசிய போஸ்டர் கலர் வெள்ளை மங்கிப்போய்த் தடிப்பாகத் தெரியும். பிளேடால் சுரண்டியிருந்தால் பேப்பர் நார் கிளம்பியிருக்கும். விட்டுவைத்த வெள்ளை சுற்றுப் பேப்பரோடு ஒரே மட்டமாக இருக்கும்.

நீலக் கதிர்தான் பெரிய சிக்கல். நெல் முற்றினால் மஞ்சள், பொன், வைக்கோல் நிறம். நீலம் எங்கிருந்து வந்தது? மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் சோதிக்காமல் எழுதக் கூடாது.

ஒன்று, கண். வெளிச்சம் நல்ல மஞ்சளாக இருக்கும்போது அதன் நிழல் நீலமாகவும் ஊதாவாகவும் தெரியும். எதிர்வெளிச்சத்தில் கதிரின் நம் பக்கம் முழுக்க நிழல். ஓவியர் அதை நாலு மடங்கு ஏற்றியிருக்கலாம். ஆரஞ்சுப் பக்கத்தில் நீலத்தை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று உசுப்பும். காற்றில் அசைகிற மாதிரி கண் கூசும்.

இரண்டு, நிறப்பொருள். அல்ட்ராமரின் நீலம் கரகரப்பாக இறங்குகிற நிறம். அதன் துகள் பேப்பரின் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். சொரசொரப்பான பேப்பரில் அது அறுத்த அரிதாள் மாதிரியே புள்ளி புள்ளியாகத் தெரியும். பேப்பருக்கும் தாள் என்கிறோம், கதிர் போன பிறகு வயலில் நிற்பதற்கும் தாள் என்கிறோம். இந்தப் படத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. உங்கள் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அறுத்து முடித்த பகுதியில் அந்தக் கரகரப்பு நன்றாக இருக்கிறது, அறுக்காத பகுதியில் இல்லை. அறுத்த இடத்தில் ஒரு நீலமும் நிற்கிற பயிரில் வேறொரு நீலமுமாகப் போட்டிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: வெளிறல். நீலத்தோடு மஞ்சள் சேர்த்துப் பச்சை செய்திருந்து, அந்த மஞ்சள் வெயிலுக்கு நிற்காத வகையாக இருந்தால், வருஷங்கள் போகப் போக மஞ்சள் செத்து நீலம் மட்டும் மிஞ்சும். பழைய காம்போஜ் மஞ்சள் அப்படிப்பட்டது. அலிசரின் கிரிம்சன் சிவப்பும் வெளிச்சத்துக்கு ஆகாது. வான்கோ 1888இல் வரைந்த தன் படுக்கையறைப் படத்தின் சுவர்கள் முதலில் ஊதா. சிவப்பு வெளிறிப்போனதால் இன்று எல்லோரும் நீலச் சுவர் என்று நம்புகிறார்கள். உங்கள் படத்தில் இன்னும் அறுக்காமல் நிற்கிற பயிர் ஒருகாலத்தில் பச்சைக்காய் மிச்சமிருந்த பயிராக வரையப்பட்டிருந்தால், "நீலக் கதிரின் மர்மம்" என்று மகள் எழுதுவது கூடத்து ஜன்னல் செய்த வேலைக்குக் கவிதை எழுதுவதாகிவிடும்.

இதைச் சோதிக்க வழி உண்டு. சுத்தமான துணியை மேஜையில் விரித்து ஃபிரேமைக் கண்ணாடி கீழே வரும்படி கவிழ்த்து வையுங்கள். பின் ஆணிகளைக் குறடால் நேராக இழுத்தெடுங்கள், நெம்ப வேண்டாம். பின் அட்டையை எடுத்துவிட்டு, படத்தின் ஓரத்தை மூடி நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டியிருக்கும் மவுண்ட் அட்டையோடு படத்தைச் சேர்த்துத் தூக்குங்கள். பேப்பர் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆள் பார்க்கவேண்டும். இழுத்தால் நிறத்தோடு உரியும். ஒட்டவில்லை என்றால் மவுண்டை லேசாகத் தூக்கி, அதற்கு அடியில் வெளிச்சமே படாமல் கிடந்த ஓரத்தைப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் தெரிந்தாலே போதும். உள்ளே இருக்கும் நீலமும் ஓரத்து நீலமும் ஒன்றுபோல இருந்தால் வெளிறவில்லை. ஓரத்தில் பச்சை தெரிந்தால் கதை மாறிவிட்டது. பகலில், நிழலில் வைத்து ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள், கட்டுரையில் அதுவே ஆதாரம். மலை இன்னும் ஊதாவாகவே இருப்பதால் சிவப்புப் பெரிதாகச் சாகவில்லை என்பது என் ஊகம். ஆனால் ஓரம் பார்க்காமல் அடித்துச் சொல்லமாட்டேன்.

திறந்த கையோடு பழுப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரப்பதத்தில் வருகிற கறை அது. தூசித் துளி என்று பொருள் சொல்லிவிடாதீர்கள். ராமபாணப் பூச்சி அரித்த ஓரம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எதையும் ஈரத் துணியால் தொடாதீர்கள். எத்தனை வருஷமானாலும் வாட்டர்கலர் தண்ணீர் பட்டால் கிளம்பும். திரும்ப மாட்டும்போது வெயில் விழாத சுவரில், மவுண்ட் அட்டையின் இடைவெளியினால் படம் கண்ணாடியைத் தொடாதபடி வையுங்கள்.

சோகமா சந்தோஷமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அதற்கு ஆட்களின் இடைவெளியைப் பாருங்கள். ஒரே சீராக இல்லை. மூன்றாவதும் நான்காவதும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு இருக்கிறார்கள், ஐந்தாவது ஆள் நன்றாகத் தள்ளிப் பின்தங்கி இருக்கிறார். நிரையில் அறுக்கும்போது இப்படித்தான் ஆகும்; பேச்சுத் துணை சேர்ந்த இரண்டு பேர் வேகம் பிடிப்பார்கள், வயசான ஒருவர் பின்தங்குவார். துக்கத்தை மட்டும் வரைய வந்தவர் ஐந்து பேரையும் ஒரே பாரத்தில் நசுக்கியிருப்பார். இவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேகம் கொடுத்திருக்கிறார். மாட்டுப் பொங்கல் வாழ்த்தட்டைச் சந்தோஷமும் இல்லை. வானத்தின் மஞ்சளில் ஒரு அவசரம் இருக்கிறது, மழை விட்ட சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் மட்டும் அடிக்கிற வெயில் அது. எனக்கு இது அவசரத்தைப் பற்றிய படம். மகளுக்கு வேறாகப் பட்டால் வேறாக எழுதட்டும். ஒரு நிபந்தனை மட்டும்: ஒவ்வொரு முடிவுக்கும் படத்திலேயே இரண்டு சாட்சி காட்டவேண்டும், இரண்டும் வெவ்வேறு வகையாக இருக்கவேண்டும். நிறம் ஒன்று, உடம்பின் சாய்வு ஒன்று. அல்லது விளிம்பு ஒன்று, இடம் ஒன்று.

எழுதுகிற விதத்துக்கு ஒரு மாதிரி. "சிவப்புக் கால்கள் விவசாயி சிந்தும் ரத்தத்தைக் குறிக்கின்றன" என்பது எந்தப் படத்துக்கும் பொருந்தும் வாக்கியம், ஆகவே எந்தப் படத்தையும் பற்றியதல்ல. "கால்களின் சிவப்பு நேர் கீழே வெளிறி இறங்குகிறது, வயலில் தண்ணீர் நிற்கிறது, இடது பக்கம் பயிர் சாய்ந்திருக்கிறது, அங்கே உடம்புகளும் தாழ்ந்திருக்கின்றன, மழைக்கும் அறுப்புக்கும் நடக்கும் போட்டியை ஓவியர் சிவப்பின் சூட்டினால் காட்டுகிறார்" என்று எழுதினால் இந்தப் படத்தைத் தவிர வேறெதற்கும் அது பொருந்தாது. நீளம் கூடினால் பரவாயில்லை.

கடைசியாக அந்தக் கறுப்புக் கோடு. பாரம் சுமக்காமல் நட்டமாக நிற்கிற உருவம் படத்தில் அது ஒன்றுதான். மற்ற ஆட்கள் குனிந்தோ சுமந்தோ இருக்கிறார்கள். உச்சியில் இரண்டு பக்கமும் சின்னதாகப் பிசிறு இருக்கிறது. அது ஒற்றைப் பனையாகவும் இருக்கலாம், குடை பிடித்து வரப்பில் நிற்கிற ஆளாகவும் இருக்கலாம். பனை என்றால் அது மலையின் தூரத்தை அளந்து காட்டுகிற ஒரு குச்சி, அவ்வளவுதான். குடை என்றால் படத்தின் கணக்கே மாறும். அறுப்பறுக்கும் நாளில் குனியாமல் வரப்பில் நிற்பவர் நிலக்காரர், அல்லது அவருக்காக மரக்கால் பிடித்து அளக்கப் போகிறவர். களத்தில் நெல் பொலியாகக் குவிந்ததும், கோட்டை என்கிற நெல் அளவுக்கு இருபத்தோரு மரக்கால் என்று எண்ணி, அதில் கூலி நெல்லான கொத்து இவ்வளவு என்று பிரிக்கிறவர். குனிந்த ஐந்து பேரும் நிமிர்ந்த ஒருவரும் என்றால் அவசரம் யாருடையது என்ற கேள்வி வந்துவிடும். பிசிறைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: பனைமட்டை என்றால் பிரஷ் நுனி வெளிப்பக்கமாகத் தெறித்திருக்கும், குடை என்றால் கீழ்ப்பக்கம் வளைந்து, அடியில் ஒரு சின்ன இருட்டு இருக்கும். புகைப்படத்தில் அது எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அறுப்புக்குப் போன ஆச்சி யாராவது வீட்டில் இருந்தால் படத்தை இறக்கி மடியில் கொடுத்து, அந்தக் கறுப்புக் கோட்டைக் காட்டி என்னவென்று கேளுங்கள். குடையென்று சொன்னால், அது நிழல் யாருக்கு விழுகிற குடை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.